தேதி குறிக்காத நம்பிக்கை

அப்பாவின் சட்டையில் ஆறு பொத்தான்கள். அன்றைக்குக் காலையில் கீழிருந்து இரண்டாவது பொத்தானை மட்டும் வலது கையால் போட்டு முடிக்க அவருக்குப் பதினாறு நிமிடம் ஆனது. துளை அருகே பொத்தானைக் கொண்டுபோவார், விரல் நடுங்கும், நழுவிவிடும். மறுபடியும் தடவித் தேடிப் பிடிப்பார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் எதிரே உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன், என்னை அறியாமல் உதவிக்கு நீண்டுவிடக் கூடாதே என்று. கடைசியில் பொத்தான் உள்ளே போனது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பொத்தானைப் பார்த்தார்.

கஷ்ட காலத்தில் நம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பார்வைதான். அந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்னால் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு நான் செய்த பல காரியங்கள் தப்பு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதினொரு வருஷம் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த பதிப்பு அலுவலகத்தை ஒரு நாள் மூடிவிட்டார்கள். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. கடைசி மாதச் சம்பளமும் பாதிதான் வந்தது. சரி, வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த ஆறாவது வாரத்தில், காலையில் படுக்கையிலிருந்து எழுந்த அப்பா வலது பக்கமாகச் சரிந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அப்பாவுக்குத் தூக்கத்திலேயே வந்துவிட்டதால் எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஊசி அவருக்குப் போடப்படவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குழறுவது, இதில் ஏதாவது ஒன்று திடீரென்று தெரிந்தாலும் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொன்னது இதுதான்: பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகு மெதுவாகும், ஆனாலும் நின்றுவிடாது. நான் கேட்டது வேறு. மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று கேட்டேன். பயந்த மனதுக்கு, கேட்க வேண்டியது மட்டும்தான் காதில் விழும். வீட்டுக்கு வந்த அன்றே அப்பா கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த காலண்டரில், மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். "அப்பா, இந்தத் தேதிக்கு நீங்க தனியா நடக்கறீங்க" என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அந்த மூன்று மாதமும் நான் உற்சாகத்தின் உருவமாக இருந்தேன். யார் போன் செய்தாலும் "நல்லா தேறி வர்றார்" என்பேன். வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களிலிருந்து பதில் வராதபோதும் "இதைவிட நல்லது ஒண்ணு வரப்போகுது" என்று சொல்லிக்கொள்வேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "அக்கா, ஒருவேளை அப்பாவால பழையபடி நடக்க முடியலைன்னா என்ன பண்றதுன்னும் கொஞ்சம் யோசிச்சு வெப்போமே" என்று ஒரு முறை சொன்னான். நான் அவனிடம் கத்தினேன். "அபசகுனமா பேசாதே" என்று போனை வைத்துவிட்டேன்.

வட்டம் போட்ட தேதி வந்தது. அப்பாவால் கைத்தடியோடு, ஒரு ஆள் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, கட்டிலிலிருந்து கதவு வரை வர முடிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் உட்காரவே முடியாதவர். அது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும், "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தை முழுசாக வெளியே வர அவ்வளவு நேரம் ஆனது. எதை முடிந்ததா என்று கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. பதில் சொல்லாமல் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து அப்பா பயிற்சி செய்ய மறுத்துவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு இறங்கவில்லை. நான் போட்ட சிவப்பு வட்டத்தால்தான் அவர் தன்னை அளந்துகொண்டிருந்தார்; தேதி தாண்டியதும் தான் தோற்றுவிட்டதாக முடிவுகட்டிவிட்டார்.

ரொம்ப நாள் கழித்து ஜேம்ஸ் ஸ்டாக்டேலைப் பற்றிப் படித்தபோது அந்தக் காலண்டர்தான் கண் முன்னால் வந்தது. அமெரிக்கக் கடற்படை விமானி. 1965 செப்டம்பரில் அவருடைய விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 1973 பிப்ரவரியில்தான் விடுதலை. ஏழரை வருஷம் சிறை, அதில் பல வருஷம் தனிமைச் சிறை, சித்திரவதை. உடன் இருந்தவர்களில் நொறுங்கிப்போனவர்கள் யார் என்று பின்னால் கேட்டதற்கு, கிறிஸ்துமஸுக்குள் வெளியே போய்விடுவோம், ஈஸ்டருக்குள் போய்விடுவோம் என்று தேதி வைத்து நம்பிக்கொண்டிருந்தவர்கள்தான் என்றாராம். தேதி வரும், போகும், மறுபடி ஒரு தேதி. கடைசியில் மனம் உடைந்துவிடும். அவருக்கும் கடைசியில் வெளியே வருவோம் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் இன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அவர் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரச்சினைக்கும் ஒரு போர்க்கைதியின் பிரச்சினைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இருந்தாலும் நான் செய்த தப்பு அதே தப்புதான். நம்பிக்கைக்கு நான் தேதி குறித்திருந்தேன். அப்படிக் குறித்தால் அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கடன் பத்திரம் மாதிரி, கெடு வந்ததும் வாசலில் வந்து நிற்கும்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்த கதைக்குத் திரும்புகிறேன். இரண்டு வாரம் அப்படியே போனது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், ஏதோ என் கவனிப்பில் குறை மாதிரி. அவர் நிதானமாகச் சொன்னார்: பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, இது மனோதிடம் குறைந்ததால் வருவதில்லை, மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் சேர்ந்துதான் இதைச் செய்கிறது, மருந்து இருக்கிறது. மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் அப்பா மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் கனத்தே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், நல்லதையே நினைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். எலும்பு முறிந்தவரை எழுந்து நட என்று சொல்ல மாட்டோம் இல்லையா? மனச்சோர்வும் நோய்தான்.

அப்பாவுக்கு மருந்து இருந்தது. எனக்கு? எனக்கு நோய் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை, ஆனால் நாள் முழுக்கக் கவலை. வேலை, கடன் தவணை, அப்பா, மறுபடியும் அடைப்பு வந்தால், தம்பி கோபமாக இருப்பானோ, வீட்டு வாடகை. பாத்திரம் கழுவும்போதும் குளிக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி நிற்கும். "கவலைப்படாதே" என்று எல்லோரும் சொன்னார்கள். கவலைப்படாமல் இருக்க நானும் முயற்சி பண்ணினேன். நினைக்காதே என்றால் மனம் அதைத்தான் நினைக்கும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் செய்த சோதனை இதைத்தான் காட்டியது: வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப வெள்ளைக் கரடியையே நினைத்தார்கள்.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு முறை. கவலையை நிறுத்துவதற்குப் பதிலாக அதற்கு ஒரு நேரம் ஒதுக்குவது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1983இல் எழுதியது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை எட்டிப்பார்த்தால் அதோடு சண்டை போடாமல், "சாயங்காலம் வா" என்று அனுப்பிவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் முழு மனதோடு கவலைப்பட வேண்டும்.

நான் மாடிப்படியின் நாலாவது படியைத் தேர்ந்தெடுத்தேன். சாயங்காலம் ஆறு முதல் ஆறரை. படுக்கையிலோ அப்பாவின் அறையிலோ செய்யக் கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட விதி, அந்த இடங்களில் கவலை குடிபுகுந்துவிடும். பாதி எழுதிக் கிடந்த ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கவலையையும் ஒரே வரியில், நடந்ததா இல்லையா என்று பிறகு பார்த்துச் சொல்லக்கூடிய மாதிரி எழுதினேன். "எல்லாம் நாசமாகப்போகிறது" என்று எழுதக் கூடாது. "அடுத்த மாதம் தவணை கட்ட முடியாது" என்று எழுத வேண்டும். பிழை திருத்திப் பழகிய கைக்கு இது பிடித்துப்போனது. மொழுமொழுவென்று இருந்த பயத்தை ஒரு எழுவாய், ஒரு பயனிலைக்குள் கொண்டுவந்துவிட்டால் அதன் அளவு தெரிந்துவிடுகிறது.

முதல் வாரம் ஒன்றும் வேலை செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காலையில் வந்த கவலையைச் சாயங்காலம் வா என்றால் அது போகவே இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. ஆறு மணிக்குப் படியில் உட்கார்ந்தால் காலையில் உயிர் போகிற மாதிரி இருந்த விஷயத்தை எழுதக் கை வராது, அது அவ்வளவு சின்னதாகியிருக்கும்.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சின்ன கோடு போடுவேன்: நான் ஏதாவது செய்ய முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அடுத்த நாள் செய்யும் ஒரே ஒரு காரியம். தவணை பற்றிய வரிக்கு எதிரே "தவறுவதற்கு முன்னாலேயே நேரில் போய்ச் சொல்" என்று எழுதினேன். போனேன். கெடு தவறிய பிறகு தேடிவருபவரிடம் கடன் கொடுத்தவர் நடந்துகொள்ளும் விதமும், தவறும் முன்பே வந்து நிலைமையைச் சொல்பவரிடம் நடந்துகொள்ளும் விதமும் வேறு வேறு. தவணையைச் சின்னதாக்கி, காலத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். வட்டி கூடுதலாகத்தான் ஆகும், அது தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன், மாதக்கணக்கில் முதல் முறையாக.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மொத்தம் 63 கவலைகள். நடந்தவை ஏழு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தீராத கவலைக் கோளாறு உள்ள 29 பேரைத் தங்கள் கவலைகளை எழுதி வைக்கச் சொல்லிப் பின்னால் சரிபார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று நடக்கவே இல்லை. என் நோட்டும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. ஆனால் எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது நடந்துபோன அந்த ஏழுதான். ஏழில் ஐந்தை நாங்கள் சமாளித்திருந்தோம். சமாளித்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மூன்று மாதத்தில் நடந்த பெரிய விஷயம் நோட்டில் இல்லவே இல்லை. ஒரு மத்தியானம் அப்பா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் கட்டுப்போட வேண்டியதாகிவிட்டது. நல்ல கை அதுதான். 63 கவலைகளில் ஒன்றில்கூட அது வரவில்லை. இதை நினைத்து முதலில் பயந்தேன். பிறகு யோசித்தால், இவ்வளவு கவலைப்பட்டும் வரப்போவதை அது கண்டுபிடிக்கவில்லை என்றால், கவலைப்படுவதை ஒரு காவல் வேலை மாதிரி நான் செய்துகொண்டிருந்தது வீண். குளியலறை வாசலுக்கு ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த விழுகைக்குப் பிறகுதான் தம்பியோடு சமாதானமானேன். நானே போன் பண்ணி, "நீ அன்னிக்கு சொன்னியே, மோசமா போனா என்ன பண்றதுன்னு, அதை இப்ப எழுதுவோமாடா" என்றேன். அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "எழுதுக்கா, நான் சொல்றேன்" என்றான். வீட்டில் எங்கெங்கே விழ வாய்ப்பு, நான் காய்ச்சலில் படுத்தால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது, மருந்துச் சீட்டுகளின் நகல் எங்கே இருக்கும், ராத்திரியில் அவசரம் என்றால் யாருக்கு முதல் போன், இரண்டாவது போன் என்று ஒன்றரை மணி நேரம் எழுதினோம். எழுதி முடித்ததும் எனக்கு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எதை அபசகுனம் என்று நினைத்தேனோ அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

சிலருடைய சுபாவமே அப்படித்தான். கெட்டதை முன்கூட்டி நினைத்து அதற்கு ஏற்பாடு பண்ணினால்தான் அவர்களால் நிம்மதியாக ஒரு காரியத்தில் இறங்க முடியும். ஜூலி நோரெம், நான்சி கேன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986இல் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் போய் "நீ நல்லாத்தான் பண்ணுவே" என்று தைரியம் சொன்னபோது அவர்கள் இன்னும் மோசமாகத்தான் செய்தார்கள். வீட்டில் இந்த மாதிரி ஒருவர் இருந்தால் அவர் வாயை அடைக்காதீர்கள். பேனாவைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

இனி, அந்தப் பொத்தானுக்கு வழி செய்த ஒரு கையுறையைப் பற்றி.

மணிக்கட்டு பிசகி இடது கையில் கட்டுப் போட்டிருந்த அந்த மூன்று வாரத்தில் ஒரு விஷயத்தைப் பிசியோதெரபிஸ்ட் கவனித்தார். வேறு வழியே இல்லாததால் அப்பா வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார். அதுவரை அந்தக் கை மடியில் சும்மா கிடக்கும். அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் எட்வர்ட் டாப் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னார். உணர்ச்சி போன ஒரு கையைக் குரங்குகள் பயன்படுத்துவதே இல்லை என்று டாப் பார்த்தார். அசைக்க முடியாததால் இல்லை. ஆரம்பத்தில் முயற்சி செய்து செய்து தோற்றதால், அந்தக் கை உதவாது என்று கற்றுக்கொண்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிவைத்ததும் மற்றக் கையைப் பயன்படுத்தத் தொடங்கின. அதிலிருந்து பிறந்த சிகிச்சையில், பக்கவாதம் வந்தவரின் நல்ல கைக்குத் தடிமனான கையுறையை மாட்டிவிடுவார்கள், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம். கூடவே பாதித்த கைக்கு மணிக்கணக்கில் பயிற்சி. 2006இல் 222 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனை ஒன்றில், பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்களுக்குக்கூட இது பலன் தந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும். நடையில் தள்ளாட்டம் இருந்தால் ஆபத்தும் உண்டு. ஆகவே வீட்டில் நீங்களாகவே செய்து பார்க்காதீர்கள்.

அப்பாவுக்கு ஒத்துவரும் என்றார்கள். அவரை உட்காரவைத்துத்தான் பயிற்சி. அந்த இரண்டு வாரத்தில்தான் நான் முதலில் சொன்ன பொத்தான் வந்தது. முழுச் சட்டையையும் போடு என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளும் சொல்லவில்லை. முதல் நாள் பொத்தானை இரண்டு விரலால் பிடித்து விட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் பிடித்து, துளை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். முடிந்ததும் "சபாஷ்" என்றுகூடச் சொல்ல மாட்டார், எத்தனை விநாடி ஆனது என்று ஒரு அட்டையில் எழுதுவார். நேற்றைய எண்ணுக்குக் கீழே இன்றைய எண். காலண்டர் இல்லை, அட்டை. முன்னால் எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது, எங்கிருந்து வந்தோம் என்று மட்டும் சொல்லும்.

வீட்டுக் காலண்டரை அன்றே கழற்றினேன். என் நோட்டிலும் அட்டையைப் போல ஒரு பக்கம் பிரித்தேன். வேலை கிடைத்ததா என்று எழுதுவதில்லை. இன்றைக்கு எத்தனை பேருக்கு எழுதினேன், எத்தனை பக்கம் திருத்தினேன் என்று எழுதினேன். வீட்டிலிருந்தே திருத்தித் தருகிறேன் என்று தெரிந்தவர்களுக்கு எழுதியதில் முதல் மாதம் கிடைத்தது நாற்பது பக்கம். அடுத்த மாதம் ஒரு முழுப் புத்தகம். பழைய சம்பளத்துக்கு இன்னும் வரவில்லை.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் 1967இல் நாய்களை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். தப்பிக்க வழியே இல்லாமல் மின்அதிர்ச்சி பட்ட நாய்கள், பிறகு வழி இருந்தபோதும் முயற்சி செய்யாமல் படுத்துவிட்டன. உதவியற்ற நிலையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது எழுதினார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து 2016இல் அவர்களே திருத்தி எழுதினார்கள். மூளையைப் பார்த்ததில் கதை தலைகீழாக இருந்ததாம்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுத்துவிடுவதுதான் இயல்பாக நடப்பது, அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, நான் செய்தால் ஏதோ ஒன்று மாறுகிறது என்பதைத்தான். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்த அப்பாவை, குழாயைத் திறந்துவிட்டு அழுத என்னை, இரண்டு பேரையும் நான் மனதுக்குள் கோழைகள் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். அது இயல்புதானாம்.

செலிக்மனிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன். கெட்டது நடந்தால் அதைப் பற்றி நமக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பதில் மூன்று வார்த்தைகளைக் கவனிக்கச் சொல்கிறார்: எப்போதும், எல்லாம், என்னால்தான். நான் திருத்தக் கூடிய பிழைகள் இவை என்று பட்டது. முதல் இரண்டும் சீக்கிரம் பழகிவிட்டது. "எப்போதும் தூங்கவே முடியாது" என்பதை "இந்த வாரம் தூக்கம் சரியில்லை" என்று மாற்றிவிடலாம்.

மூன்றாவதுதான் கஷ்டம். பக்கவாதம் வந்த அன்றைக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா அறையில் விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய் என்னவென்று கேட்கவில்லை, தூக்கக் கலக்கம். கேட்டிருந்தால், அப்போதே தொடங்கியிருந்தால், நாலரை மணி நேரம். இந்தக் கணக்கை எத்தனை நூறு தடவை போட்டிருப்பேன் என்று தெரியாது. பல மாதம் கழித்து அப்பாவிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தண்ணி குடிச்சேன்மா" என்றார். "அப்ப நல்லாத்தான் இருந்தேன்." இவ்வளவுதான். ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் சுமந்த பாரம் அது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால், பதில் தெரிந்தவர் உயிரோடு இருந்தால், கேட்டுவிடுங்கள்.

உதவி பற்றியும் இரண்டு வரி. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எல்லோரும் சொல்வார்கள், நாம் சொல்ல மாட்டோம். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்ன வேலைகளாக எழுதி வைத்தேன்: ஒரு மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்திருக்க ஆள், மருந்து வாங்கிவர ஆள். அடுத்து யார் கேட்டாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொன்னேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்பா கைத்தடியோடு தனியாக நடக்கிறார். வலது கை முழுசாகத் திரும்பவில்லை. ஆறில் நாலு பொத்தான் போடுவார், காலருக்குக் கிட்டே இருக்கும் இரண்டும் என் வேலை. மேலே கை எழும்பும் நாள் வருமா என்று இரண்டு பேருமே பேசுவதில்லை. அட்டையில் எண்கள் மட்டும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மெல்ல வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு பக்கம் குடு" என்றார். நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன். வலது கையில் பேனாவைப் பிடிக்கவே நேரம் ஆனது. என் அரை மணி நேரத்தில் இருபது நிமிடத்தை அவர் எடுத்துக்கொண்டார். எழுதியது ஒரே ஒரு வரி. கோட்டுக்கு மேலும் கீழுமாக, பெரிய பெரிய எழுத்து.

"இவள் சரியாகத் தூங்குவதில்லை."

நான் ஒன்றும் பேசவில்லை. அதற்கு எதிரே என் வழக்கப்படி கோடு போட்டு, "பத்து மணிக்கு விளக்கை அணை" என்று எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அந்த வரிக்கு என்ன குறி போடுவது என்று அவரிடமே கேட்டேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"இரு" என்றார். "இன்னும் ஒரு வாரம் பாப்போம்."